பந்தக்காலில் கட்டிய வைஃபை பெட்டி

ஒரு வீட்டில் யாராவது இன்ஜினியரிங் படித்து முடித்துவிட்டால், அந்த வீட்டுக்கு அதன்பிறகு எலக்ட்ரீஷியன் தேவைப்படுவதில்லை. என்ன பிரிவு படித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கிரைண்டர் சுற்றவில்லையா, மலரைக் கூப்பிடு. டிவியில் எல்லோர் முகமும் நீலமாகத் தெரிகிறதா, மலரைக் கூப்பிடு. கிணற்று மோட்டாரில் கருகல் வாடை வருகிறதா, மலருக்குப் போன் போடு. நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ். பார்த்த வேலை, சென்னையில் ஒரு கம்பெனியில் அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. (அடுத்தவன் தப்பைச் சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்கள் ஊரில் பலர் அந்த வேலைக்குத் தங்களைவிடத் தகுதியான ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.)

இப்படி எதற்கெடுத்தாலும் கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். உள்ளூர எனக்கு அவ்வளவு பெருமை. இலுப்பூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில், எங்கள் வகையறாவில் முதல் பெண் இன்ஜினியர் நான்தான். அப்பாவுக்கு என்னைவிடப் பெருமை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில் சார்ஜ் இறங்கிப் போனால்கூட, "எம்மக இருந்தா சரி பண்ணிருவா" என்று சொல்கிற மனிதர். இந்தப் பெருமையெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து ஒரு நாள் முக்காலி மேல் ஏறி நின்றது. அந்தக் கதைதான் இது.

என் அண்ணன் மகள் யாழினிக்குக் காது குத்து வைத்திருந்தோம். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் பாண்டி மாமா, அண்ணியின் அண்ணன், சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அண்ணிக்குச் சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இல்லை. திருக்கோகர்ணத்தில் அவர்களுடைய சித்தப்பா வீட்டில் தங்கி வளர்ந்தவர்கள் இரண்டு பேரும். அண்ணியைக் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்து, கல்யாணம் செய்து கொடுத்துவிட்டுத்தான் பாண்டி மாமா விமானம் ஏறினார். பிள்ளை பிறந்ததிலிருந்து அவர் அதை நேரில் பார்த்ததில்லை. காதுகுத்துக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தவருக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்கவில்லை.

அண்ணி என்னிடம் வந்து ஒன்றுதான் கேட்டார்.

"மலரு, மடிக்கு எங்க சித்தப்பா மகன் செந்திலு உக்காந்துக்கிருவான். ஆனா குத்துற நேரத்துல எங்கண்ணன் போன்ல பாத்துக்கிட்டு இருக்கணும். முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம். குத்துற நேரத்துல. செய்ய முடியுமா?"

"என்ன அண்ணி இது, இதெல்லாம் ஒரு வேலையா" என்றேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

எங்கள் ஊரில் செல்போன் சிக்னல் தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறி நின்றால்தான் வரும். வீட்டுக்கு கேபிள்காரர் கொடுத்த நெட் கனெக்ஷன் இருந்தது. ஆனால் அந்தப் பழைய மோடத்தில் வைஃபை செத்து நாளாகியிருந்தது. வயர் செருகினால் நெட் வரும், காற்றில் வராது. ஆகவே புதுக்கோட்டையில் ஒரு கடைக்குப் போய் ஆக்சஸ் பாயின்ட் ஒன்று வாங்கி வந்தேன். வயரில் வருகிற நெட்டை வாங்கிச் சுற்றிலும் பரப்புகிற பெட்டி அது. வீட்டுக்கு முன்னால் போட்ட பந்தலில், டியூப்லைட்டுக்குக் கீழே, பந்தக்காலில் உயரமாகக் கட்டி, மோடத்திலிருந்து அதற்கு வயர் இழுத்தாயிற்று. கடைக்காரர், "அப்படியே செருகுனா வேலை செய்யும்மா, அடியில ஸ்டிக்கர்ல பேரும் பாஸ்வேர்டும் இருக்கு" என்றார். இன்ஜினியரிடம் இப்படிச் சொல்லலாமா? அப்படியே செருகுவதற்கா நான் நாலு வருடம் படித்தேன்?

விசேஷத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். எண்ணும் புள்ளியுமாக ஒரு முகவரியைத் தட்டினால் பெட்டியின் உள்வாசல் திறக்கும். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் அமர்ந்தார். இடது பக்கம் வரிசையாக மெனுக்கள். ஒவ்வொன்றைத் திறந்தாலும் உள்ளே இன்னும் நாலு மெனு. எனக்குப் பாதி புரிந்தது, மீதியைப் புரிந்த மாதிரி தலையாட்டினேன். முதல் வேலையாக, உள்ளே நுழைகிற பாஸ்வேர்டை மாற்றினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரம் எல்லாம் கலந்து, எதிரி நாட்டு ராணுவம் வந்தாலும் திறக்க முடியாதபடி ஒன்று வைத்தேன். சேனல் எண் என்று ஒரு கட்டம் வந்தது.

"ஆறு வையிம்மா. ஆறு நமக்கு ராசி" என்றார் அப்பா.

ஆறு வைத்தேன். அடுத்து நெட்வொர்க் பெயர். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அப்பா, இந்தப் பெட்டியில ஒரு பேர் இல்ல, பல பேரு வைக்கலாம். எல்லாம் போன்ல வரிசையாத் தெரியும்" என்று பீற்றிக்கொண்டேன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்திரிகை அடித்தபோதும் ஃபிளெக்ஸ் அடித்தபோதும் பெயர் போடுகிற விஷயத்தில் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் மன்னித்துவிடுவார்கள், பத்திரிகையில் பெயர் குறைந்தால் அடுத்த தலைமுறைக்கும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

"அப்ப பெரியப்பா பேரு, நம்ம பேரு, சித்தப்பா பேரு மூணும் போட்டுரும்மா. நம்ம பேரு மட்டும் இருந்தா, நாளைக்கு ஒரு பேச்சு வந்துரும்."

போட்டேன். ரெங்கசாமி, சின்னையா, குமரேசன். அண்ணன் தம்பி மூவருக்கும் ஆளுக்கொரு நெட்வொர்க். வீட்டு விசேஷத்தில் பாஸ்வேர்டு எதற்கு என்று மூன்றையும் திறந்தே விட்டேன். அப்பா தன் போனில் மூன்று பெயரும் தெரிவதைப் பார்த்துவிட்டு, சமையல்காரர், பந்தல்காரர், வாழைமரம் கட்ட வந்தவர் என்று ஒருவர் விடாமல் காட்டினார். பாண்டி மாமாவுக்கு வீடியோ கால் போட்டுப் பார்த்தோம். முகம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெளிவாக வந்தது. அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார். அன்றைக்கு நான் நடந்த நடைக்குத் தரை தேவைப்படவில்லை.

மறுநாள் காலை பெரியப்பா பந்தலுக்குள் வந்தார். வேட்டி சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. யாரோ அவரிடம் நெட்வொர்க் சங்கதியைச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பார்த்தவர் முகம் மாறியது.

"மலரு, இங்கிட்டு வா. இது என்ன வரிச?"

பார்த்தேன். மேலே குமரேசன். நடுவில் சின்னையா. அடியில் ரெங்கசாமி.

"பெரியப்பா, அது வயசு வரிச இல்ல. சிக்னல் எது கூட இருக்கோ அத மேல காட்டும். அதுவா மாத்திக்கிட்டே இருக்கும்."

"அப்ப ஒங்க சித்தப்பனுக்குச் சிக்னலு கூட, எனக்குக் கொறச்சல்?"

"மூணும் ஒரே பெட்டிதான் பெரியப்பா. நீங்க ஒங்க பேருல கனெக்ட் பண்ணுனா ஒங்க போன்ல நீங்கதான் மேல வருவீங்க."

"எம்போன்ல மேல இருந்து என்னத்தா பண்ண? ஊர்ல உள்ளவன் போன்லயெல்லாம் அடியிலல்ல கெடக்கேன்" என்றார் பெரியப்பா.

அவர் முன்வரிசை நாற்காலியை விட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அது எங்கள் குடும்பத்தில் முதல் கட்ட எச்சரிக்கை.

இதற்குள் பாண்டி மாமாவுக்கு மறுபடி கால் போட்டுப் பார்த்தால், அவர் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. காரணம் பெட்டியைப் பார்த்ததும் புரிந்தது. கனெக்ட் ஆகியிருக்கும் போன்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. சித்தப்பா, சித்தப்பா மகன்கள், சமையல்காரர், பந்தல்காரர், மேளக்காரர்களில் தவில் அடிப்பவர், எல்லோரும் இலவச நெட் கிடைத்ததென்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரில் போய் நிறுத்தச் சொன்னால் மனத்தாங்கல் வரும். ஆனால் நான் இன்ஜினியர் அல்லவா? யாருக்கும் தெரியாமல் மெனு வழியாகவே முடித்துவிடலாம். செக்யூரிட்டி மெனுவுக்குள் ஃபில்டர் என்று ஒரு பக்கம் இருந்தது. குறிப்பிட்ட போன்களின் பெயரைப் பட்டியலில் சேர்த்து அவற்றை மட்டும் தடுக்கலாம். அதிகமாக நெட் குடிக்கிற போன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பட்டியலில் போட்டேன். சேவ் அழுத்தினேன். பெட்டி ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது.

அந்தப் பக்கத்தின் உச்சியில் இரண்டு தேர்வுகள் இருந்தன. பட்டியலில் உள்ளவர்களைத் தடு என்பது ஒன்று. பட்டியலில் உள்ளவர்களை மட்டும் விடு என்பது இன்னொன்று. பெட்டி தானாகவே இரண்டாவதில் நின்றிருந்தது. அடுத்தவர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிற நான் அதை மாற்றவில்லை.

அதாவது, யாரையெல்லாம் வெளியே தள்ள நினைத்தேனோ அவர்கள் மட்டும் உள்ளே. சமையல்காரரும் தவில்காரரும் ராஜாவாட்டம் நெட் பார்க்க, அண்ணியின் போன் வெளியே. என் லேப்டாப் வெளியே. கடைசி வரிசையில் பெரியப்பாவின் போனும் வெளியே.

பெரியப்பா எழுந்து நின்றார். அப்பாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "எம்பேரு போட்ட நெட்டு என்னயவே வெளிய தள்ளுது. தள்ளட்டும். நான் வீட்டுக்குப் போறேன்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குள், அதாவது அவர் வீட்டுக்குள், போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நல்ல நேரம் நெருங்கிவிட்டது. யாழினிக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியாயிற்று. செந்தில் மணையில் உட்கார்ந்துவிட்டான். ஆசாரி தட்டில் ஊசிகளையும் தோட்டையும் எடுத்து வைத்துவிட்டார். அண்ணி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். லேப்டாப் உள்ளே போகாது. உள்ளே போகக்கூடிய போன் சித்தப்பாவுடையது. அதைப் பிடுங்கி (எழுத்துகள் சுவரொட்டி அளவில் இருந்தன, ஒரு வார்த்தைக்கு ஒரு பக்கம்) பெட்டியின் முகவரியைத் தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டது. எதிரி நாட்டு ராணுவத்தால் திறக்க முடியாத அந்தப் பாஸ்வேர்டு எனக்கும் நினைவில்லை. நட்சத்திரம் முதலிலா கடைசியிலா? மாற்றி மாற்றி அடித்ததில் பெட்டி என்னைச் சந்தேகப்பட்டு மொத்தமாகப் பூட்டிக்கொண்டது. (லேப்டாப்பில் ஒரு வயரைச் செருகியிருந்தால் ஃபில்டர் ஒன்றும் செய்திருக்காது என்பதும், பாஸ்வேர்டு லேப்டாப்பிலேயே சேமித்து இருந்தது என்பதும் மறுநாள் இட்லி சாப்பிடும்போது உறைத்தது.)

மிச்சமிருந்தது ஒரே வழி. பெட்டியின் முதுகில் ஒரு குட்டி ஓட்டை இருக்கும். அதற்குள் இருக்கும் பட்டனைக் குத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து, வாங்கிய அன்று இருந்தபடி ஆகிவிடும். அப்பாவை முக்காலி கொண்டுவரச் சொல்லி ஏறினேன். என் சேலை ஊக்கைக் கழற்றிக் குத்தினேன். ஊக்கு தடித்தது, பாதியில் நின்றது. இன்னொருவர் ஹேர்பின் கொடுத்தார், நுழையவே இல்லை. மேலே ஏறி நிற்கிற எனக்கு ஊரே தெரிந்தது, ஊருக்கு நான் தெரிந்தேன்.

அப்போதுதான் அண்ணி ஆசாரியின் தட்டருகே போய்க் கையை நீட்டினார்.

"ஆசாரி, அந்த ஊசிய குடுங்க."

ஆசாரி திகைத்தார். "ஆத்தா, இது பிள்ளைக் காதுக்கு உள்ளது. பொட்டியிலயா குத்துறது?"

"ஒங்ககிட்ட வேற ஊசி இருக்குல்ல. இது இல்லன்னா எங்கண்ணன் பாக்க முடியாது. குடுங்க."

கொடுத்துவிட்டார். அண்ணி முக்காலியருகே வந்து ஊசியை என்னிடம் நீட்டினார். சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள். ஊசி நூல் பிடித்ததுபோல் ஓட்டைக்குள் இறங்கியது. பட்டன் அமுங்குவது விரலில் தெரிந்தது. பெட்டியின் விளக்குகள் அணையும்வரை கையை எடுக்கக் கூடாது. அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குத்தியாச்சா?" என்றார் அண்ணி.

"குத்தியாச்சு அண்ணி" என்றேன்.

பந்தலின் அந்தப் பக்கம் தவில்காரர் அதுவரை போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். நெட் பட்டென்று நின்றது. தலையை நிமிர்த்தினால் பெண்கள் கூட்டம், நடுவே ஊசி, குத்தியாச்சு என்கிற பேச்சு. மனிதர் வேறென்ன நினைப்பார்? குச்சியை எடுத்துக் கெட்டிமேளம் போட்டுவிட்டார். நாதஸ்வரக்காரரும் சேர்ந்துகொண்டார். மேளத்தைக் கேட்டதும் பின்வரிசைப் பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ பூவும் அட்சதையும் எறிந்தார்கள். பாதி என் தலையிலும் பாதி பெட்டியின் மேலும் விழுந்தது. வீடியோகாரர் ஒன்றையும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. பெரியப்பா வந்தார். ஓடியே வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மூத்தவன் ஒருத்தன் இருக்கேன். என்னைய விட்டுட்டுப் பிள்ளைக்குக் குத்திட்டீங்களாடா?"

"இல்லண்ணே" என்றார் அப்பா, அட்சதையைத் துடைத்துக்கொண்டே. "பிள்ளைக்கு இல்ல. பொட்டிக்குத்தான்."

பெரியப்பா முக்காலி மேல் நின்ற என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த ஊசியைப் பார்த்தார். பிள்ளை செந்தில் மடியில் முழுக் காதோடு வாழைப்பழம் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்தார். பிறகு அவர் சிரித்த சிரிப்பை அதற்கு முன்னால் நாங்கள் கேட்டதில்லை. சிரித்தபடியே வந்து ஆடிக்கொண்டிருந்த முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டி கண் விழித்தது. ரெங்கசாமி இல்லை, சின்னையா இல்லை, குமரேசன் இல்லை. கம்பெனிக்காரன் வைத்த பெயர் ஒன்றே ஒன்று, எழுத்தும் எண்ணுமாக, யாருக்கும் எந்த உறவும் இல்லாத பெயர். பாஸ்வேர்டு பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில், எறும்பு அளவு எழுத்தில் இருந்தது. மேலே நின்ற எனக்கு அடிப்பக்கம் தெரியவில்லை. முக்காலிக்குக் கீழே நின்ற பெரியப்பாதான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். முதலில் தன் போனில் ஏற்றிச் சரிபார்த்தார். "ம், வந்துருச்சு" என்று அப்பாவிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்து அண்ணியின் போன். மற்ற யாருக்கும் பாஸ்வேர்டைச் சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னபடி அப்படியே செருகியிருந்தால் முந்தின நாளே முடிந்திருக்கிற வேலை அது.

அண்ணி கால் போட்டார். ஒரே மணியில் எடுத்தார் பாண்டி மாமா. பட்டு வேட்டி கட்டி, தலையில் உருமால் கட்டி, தங்கியிருந்த அறையின் இரும்புக் கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு புதுத் துண்டு விரித்திருந்தது. பிள்ளையை உட்கார வைக்க மடியைத் தயாராக வைத்துக்கொண்டு காலையிலிருந்து அப்படியே இருந்திருக்கிறார்.

"கூப்புடாம விட்டுருவேன்னு நெனச்சியாண்ணே?" என்றார் அண்ணி.

"நீ கூப்புடுவேன்னு தெரியும்த்தா" என்றார் அவர்.

ஆசாரி வேறொரு ஊசியை எடுத்தார். பிள்ளை வீறிட்டது. போனுக்குள் மாமாவும் அழுதார். மடியில் இருந்த துண்டை எடுத்தே கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை தவில்காரர், "இப்ப நெசமாத்தானங்க?" என்று என்னிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே கெட்டிமேளம் போட்டார். பந்தக்காலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகையும் வந்தது, அதைவிடப் பெருமையும் வந்தது. செய்ததெல்லாம் தப்பு. ஆனாலும் மாமா பார்த்துவிட்டார், குத்துகிற நேரத்தில் பார்த்துவிட்டார்.

விசேஷத்து ஆல்பத்தில் இன்றைக்கும் முதல் பக்கத்தில் யாழினி இல்லை. முக்காலி மேல் ஊசியோடு நான் இருக்கிறேன், அட்சதை மழையில். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுகிறார். "எம்மக. இன்ஜினியரு. பொட்டிக்குக் காது குத்துறா பாருங்க" என்கிறார். அவர் குரலில் கேலி துளியும் இருக்காது. எங்கள் வகையறாவில் யார் புது போன், புது டிவி வாங்கினாலும், "மலர வரச் சொல்லு, காது குத்தணும்" என்பது வழக்கமாகிவிட்டது.

பாண்டி மாமா பிறகு லீவில் வந்தார். தட்டுத் தட்டாகச் சீர் வைத்தார். யாழினிக்குத் தங்கத் தோடு போடப் போகும்போது பெரியப்பா கையை நீட்டித் தடுத்தார். "இருங்க மாப்ள. வரிசன்னு ஒண்ணு இருக்குல்ல. முதல்ல யாருக்குக் குத்துனோம்?" மாமா சிரிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சிவப்புக்கல் வைத்த கவரிங் தோடு ஒன்று இருந்தது. அவரும் இந்தக் கேள்விக்குத் தயாராகத்தான் வந்திருக்கிறார். "மாமன் மொற செய்யாம இருக்கப்படாதுல்ல" என்று சொல்லி முக்காலி மேல் ஏறி, இப்போது வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அந்தப் பெட்டியின் ஓட்டைக்குப் பக்கத்தில் தோட்டைப் பசை வைத்து ஒட்டினார். அதன்பிறகுதான் யாழினிக்குத் தோடு ஏறியது.

அந்தப் பெட்டியின் மெனுவுக்குள் அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. கம்பெனி வைத்த பெயரிலேயே ஓடுகிறது. யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தனக்கு முன்னால் பெட்டிக்குக் காது குத்தியதால் அதை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். நெட் நின்றுபோனால் சென்னைக்கு எனக்கு ஒரு போன் வரும். "அத்தை, அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல, நீங்க எப்ப வாரீங்க?" என்று கேட்பாள்.